கூண்டில் காப்பாற்றினால் மட்டும் போதாது

ஆசிரியருக்கு வணக்கம்.

நீலப் பஞ்சவர்ணக்கிளி (மக்காவ்) என்றாலே பத்திரிகைகளில் ஸ்பிக்ஸ் மக்காவ் கதைதான் வருகிறது. அதே பிரேசிலில், அதே பாஹியா மாநிலத்தின் காட்டிங்கா முட்காடுகளில் இருக்கும் லியர் மக்காவைப் பற்றி யாரும் எழுதக் காணோம். எனக்கு இதில் நிறைய வருத்தம். இரண்டையும் சேர்த்துப் படித்தால்தான் எது பலித்தது, எது கைவிட்டுப் போனது என்று புரியும்.

லியர் மக்காவுக்கு 1856-லேயே பெயர் வைத்துவிட்டார்கள். அது எந்தக் காட்டில் வாழ்கிறது என்பதை ஹெல்முட் சிக் என்ற பறவையியலாளர் 1978-ல்தான் கண்டுபிடித்தார். அப்போது நூறு பறவைகள்கூடத் தேறவில்லை. இன்றைக்கு 2,000-க்கும் மேல்! கனுடோஸ் பக்கம் அது கூடு வைக்கும் மணற்கல் பாறைகளுக்குக் காவல் போட்டார்கள். லிக்குரி என்ற பனையின் கொட்டைதான் அதற்கு முக்கிய உணவு. ஆடுமாடுகள் பனங்கன்றுகளை மேய்ந்துவிடுவதால் அந்தப் பனையை நட்டுக் காத்தார்கள். பசியில் கிளிகள் சோளக்கொல்லையில் இறங்கியபோது, நஷ்டப்பட்ட விவசாயிகளுக்குச் சோளமாகவே ஈடு கொடுத்தார்கள். எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். கொல்லைக்காரரைப் பகைத்துக்கொண்டு எந்தப் பறவையைக் காப்பாற்ற முடியும்? 2009-ல் அதன் ஆபத்து நிலையை ஒரு படி குறைத்தார்கள். இன்னும் அழியும் ஆபத்தில்தான் இருக்கிறது, மின்கம்பிகளில் அடிபட்டும் சாகிறது.

ஸ்பிக்ஸ் மக்காவுக்கு அந்தக் காவல் கிடைக்கவில்லை. ஓடைக்கரை மரங்கள் போயின, மிஞ்சியதைக் கிளி பிடிப்பவர்கள் பிடித்து விற்றார்கள். 1990-ல் காட்டில் ஒரே ஓர் ஆண் பறவை. 2000-க்குப் பிறகு அதுவும் கண்ணில் படவில்லை. 2019-ல், காட்டில் அற்றுப்போனதாக அறிவித்தார்கள்.

கூண்டுகளில் பிழைத்திருந்த சிலவற்றிலிருந்து பெருக்கி, 2020-ல் ஜெர்மனியிலிருந்து 52 பறவைகளைக் கொண்டுபோய், 2022-ல் பாஹியாவின் குராசா என்ற ஊர்ப்பக்கம் சிலவற்றைத் திறந்துவிட்டார்கள். அடுத்த வருடமே காட்டில் குஞ்சு பொரித்தன. அப்புறம் 2025-ல் அவற்றிடம் கிளிகளின் இறகையும் அலகையும் தாக்கும் சர்க்கோவைரஸ் தொற்று தெரியவர, திரும்பப் பிடித்து அடைக்க வேண்டியதாயிற்று.

இதில் நம் நாட்டுக்கும் சம்பந்தம் உண்டு. 2023-ல் 26 ஸ்பிக்ஸ் மக்காவ்கள் ஜெர்மனியிலிருந்து குஜராத்தின் ஜாம்நகரில் உள்ள ஒரு தனியார் மையத்துக்கு வந்தன. தங்கள் சம்மதம் இல்லாமல் இது நடந்ததாக பிரேசில் ஆட்சேபித்தது. எத்தனை நல்ல கூண்டாக இருந்தாலும், அந்தப் பறவைகளைப் பற்றி முடிவெடுக்கும்போது அவற்றின் சொந்த மண்ணின் பேச்சுக்குத்தான் முதலிடம் தர வேண்டும் என்பது என் கருத்து.

நம் ஊர்களிலும் மக்காவ் வளர்ப்பதைப் பெருமையாக நினைப்பவர்கள் கூடிவிட்டார்கள். 2022-ல் திருத்தப்பட்ட வனவிலங்குச் சட்டப்படி இப்படிப்பட்ட வெளிநாட்டுப் பறவைகளை வைத்திருப்பவர்கள் பதிவு செய்ய வேண்டும். இது பலருக்கும் தெரியாது. அந்தப் பதிவு எப்படி, வாங்கும்போது எந்தக் காகிதங்களைக் கேட்க வேண்டும் என்று தங்கள் இதழில் விரிவாக எழுதுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி,
திண்டுக்கல்