இரண்டாம் தவணை நிறைவு: பெற்றோருக்கு அதிபரின் கடிதம்

அன்பான பெற்றோருக்கும் பாதுகாவலர்களுக்கும்,

வணக்கம். இரண்டாம் தவணை நல்லபடியாக முடிந்தது. தமிழ்த்தினப் போட்டிகளில் பிள்ளைகள் இடங்கள் பெற்றார்கள், விளையாட்டிலும் குறை வைக்கவில்லை, பரீட்சை முடிவுகளும் போன தவணையை விட நன்றாக இருக்கின்றன. பாடுபட்ட எல்லோருக்கும் நன்றி. தேர்ச்சி அறிக்கையில் கையொப்பமிட்டு, பாடசாலை தொடங்கும் நாளில் கொடுத்தனுப்புங்கள்.

சரி, தரம் 7, 8 சித்திர வகுப்பைப் பற்றிக் கொஞ்சம் விரிவாக எழுத வேண்டியிருக்கிறது.

இந்தத் தவணை பிள்ளைகள் முதன்முதலாகக் கன்வஸில் அக்ரிலிக் பெயின்ற் கொண்டு வரைந்தார்கள். எடுத்த பொருள் வெளிச்சவீடு. எங்கள் முல்லைத்தீவுக் கரையிலும் ஒரு காலத்தில் வெளிச்சவீடு நின்றது. போர் அதை விட்டுவைக்கவில்லை. இன்றைய பிள்ளைகள் அதைக் கண்டதில்லை. பருத்தித்துறைக்குப் போய் வந்தவர்கள் 1916 இல் கட்டிய வெள்ளைக் கோபுரத்தைப் பார்த்திருக்கிறார்கள். தெய்வேந்திரமுனை வெளிச்சவீட்டின் படத்தை ஆசிரியர் காட்டினார். 49 மீற்றர், நாட்டிலேயே உயரமானது. மிச்சத்தை அம்மம்மா, அப்பப்பாவிடம் கேட்டு வரச் சொன்னோம்.

அக்ரிலிக் ஈரமாக இருக்கும்வரை தண்ணீரில் கரையும். காய்ந்தால் பிளாஸ்ரிக் போல இறுகிவிடும். ஒரு பூச்சுக் காய்ந்த பிறகுதான் அதன்மேல் அடுத்தது. இதையெல்லாம் நாற்பது நிமிடப் பாடவேளைக்குள் முடிக்க ஏலாது என்பதால் ஒரு வெள்ளிக்கிழமை கன்வஸை வீட்டுக்குக் கொடுத்துவிட்டோம்.

திங்கட்கிழமை வந்த படங்களில் ஒன்பதில் ஒரே வெளிச்சவீடு. சிவப்பும் வெள்ளையுமாகப் பட்டி, அடியில் கரும்பாறை, பாறையில் மோதும் அலை. எங்கள் கரையில் பாறை ஏது? மணலும் பனையும் தாழையும்தான். தொலைபேசியில் கண்ட படத்தைப் பார்த்துப் பெரியவர்கள் வரைந்திருக்கிறார்கள். வெளிச்சவீடுகளுக்குப் பகலில் தெரியும்படி வேறு வேறு நிறமும் பட்டியும், இரவில் வேறு வேறு சிமிட்டலும் கொடுப்பதே, இது எந்தக் கரை என்று கடலில் இருப்பவர் அறிந்துகொள்ளத்தான். ஒன்பதும் ஒன்றாக இருந்தால் என்ன செய்வது?

ஒரு தம்பியின் படத்தை நானே சன்னலருகே கொண்டுபோய்ச் சரித்துப் பார்த்தேன். வெள்ளிக்கிழமை வகுப்பில் நான் கண்ட படம் அது. கோபுரம் கொஞ்சம் சாய்ந்து நின்றது. பக்கத்தில், கோபுரத்தில் பாதி உயரத்துக்கு, தோளில் வலையோடு அவனுடைய அப்பா. இப்போது அந்த இடத்தில் வழுவழுப்பான நீல வானம். அக்ரிலிக்கைத் தடிப்பாகப் பூசினால் பிறஷ் இழுத்த வரிகள் அப்படியே இறுகி நிற்கும். மேலே பூசினாலும் இலேசில் மறையாது. சன்னல் வெளிச்சத்தில் வானத்துக்குள்ளே அந்த வலையின் கோடுகள் தெரிந்தன. “அப்பா பெரிசாப் போயிட்டார் எண்டு அக்கா அழிச்சவா, சேர்” என்றான்.

இன்னொரு பிள்ளையிடம், கோபுரத்தின் நிழல் பக்கத்துக்கு என்ன நிறம் கலந்தாய் என்று ஆசிரியர் கேட்டார். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். வெள்ளைக் கோபுரம் உருண்டையாகத் தெரிவது அந்த நிழலால்தான். கறுப்பைக் கலந்தால் அழுக்காகிவிடும். நீலத்தோடு கொஞ்சம் மண்ணிறமும் நிறைய வெள்ளையும் சேர்த்தால் அந்தச் சாம்பல் வரும். காய்ந்ததும் நிறம் சற்று இருண்டுவிடுவதால் ஒரு காகிதத் துண்டில் பூசிக் காயவிட்டுப் பார்க்கவும் வேண்டும். இரண்டு முறை பிழைவிட்டு மூன்றாம் முறை பிள்ளை தானாகக் கண்டுபிடிப்பதுதான் பாடமே.

அன்பினால் செய்தீர்கள் என்று தெரியும். தன் பிள்ளையின் படம் மற்றப் படங்களுக்கு முன்னால் குறைந்துபோகக் கூடாது என்று எந்தத் தாய் தகப்பனும் நினைப்பார்கள். ஆனால் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். பிள்ளை வரையாத படத்துக்குப் பிள்ளையின் பெயரில் புள்ளி போட முடியாது. அந்தப் படங்களைக் கண்காட்சியில் மாட்டவும் மாட்டோம். அந்தப் பிள்ளைகள் மூன்றாம் தவணையின் முதல் வாரத்தில் பாடசாலையிலேயே புதிதாக வரைவார்கள். இனிக் கன்வஸ் வீட்டுக்கு வராது. எங்கள் ஆசிரியர்களின் பிள்ளைகளுக்கும் இதேதான். தயவுசெய்து இதற்காகப் பிள்ளையை ஏச வேண்டாம், அடிக்க வேண்டாம். பிழை பிள்ளையுடையது அல்ல.

வெள்ளைச் சேட்டில் பட்டுவிடும் என்று பயந்து தாங்களே பூசியதாகச் சில அம்மாமார் சொன்னார்கள். நியாயமான பயம். காய்ந்தபின் சவர்க்காரத்துக்கு மசியாது, ஈரத்திலேயே கழுவ வேண்டும். அப்பாவின் பழைய சேட் ஒன்றைக் கொடுத்துவிடுங்கள், மேலே போட்டுக்கொள்ளட்டும்.

கை வைக்காமல் விட்டுவைத்த பெற்றோருக்கு என் மனமார்ந்த நன்றி. உங்களால்தான் ஒரு மகள், வெளிச்சவீட்டின் உச்சியில் வற்றாப்பளை அம்மன் கோயிலில் கடல்நீர் ஊற்றி எரிக்கும் உப்புநீர் விளக்கை ஏற்றி வைத்திருப்பதை நாங்கள் பார்த்தோம். அதன் முன்னால் ஆசிரியர்கள் எல்லோரும் நின்றுவிட்டோம். நிறம் கலக்கப் பழைய பீங்கான் தட்டுகள் தந்தவர்களுக்கும், கன்வஸுக்குச் சட்டம் அடித்துத் தந்த தச்சுவேலை செய்யும் அப்பாவுக்கும் நன்றி.

படத்தைத் தானே வரைந்ததாக என்னிடம் நேரில் வந்து சொன்ன ஒரு அம்மாவுக்கும் நன்றி சொல்ல வேண்டும். “ஓ எல் சோதினை எடுக்கிற வயசிலை நான் முகாமிலை, சேர். பிறஷ் பிடிச்சதே இப்பதான். பிடிச்சாப் பிறகு வைக்க மனம் வரேல்லை” என்றார். அவருக்கு என்ன மறுமொழி சொல்வதென்று எனக்கு அப்போது தெரியவில்லை.

எங்களிடம் பன்னிரண்டு கன்வஸ் மிச்சம் இருக்கிறது. விடுமுறையின் முதல் சனிக்கிழமை காலை 9 மணிக்குச் சித்திர அறையைத் திறந்து வைப்போம், பெற்றோருக்கு மட்டும். பெயின்றும் பிறஷும் நாங்கள் தருவோம். ஒரு பழைய சேட்டும் துடைக்கத் துணியும் கொண்டுவாருங்கள். நீங்கள் வரைவதை உங்கள் பெயர் எழுதி, பிள்ளைகளின் படங்களுக்குப் பக்கத்தில் மாட்டுவோம்.

அன்புடன்,
அதிபர்