தங்கவயலில் யார் பெயரைக் கல்லில் வெட்டப் போகிறீர்கள்?

மத்திய சுரங்க அமைச்சகத்துக்கும், கர்நாடக அரசின் தொல்லியல், அருங்காட்சியகங்கள், பாரம்பரியத் துறைக்கும்,

வணக்கம்.

கோலார் தங்கவயலின் கழிவு மண் மேடுகளில் மிச்சமிருக்கும் தங்கத்தை எடுக்க 2024-ல் கர்நாடக அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. வேலை வரட்டும். 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கம் மூடியதிலிருந்து, பிழைப்புக்காக விடியற்காலை ரயிலில் பெங்களூர் போய் இருட்டியபின் திரும்பும் ஊர் இது. கோடைக்காற்றில் அந்த மேடுகளின் தூசு சோற்றுத் தட்டு வரை வந்து விழுவதும் நின்றால் நல்லதுதான். ஆனால் எந்திரங்கள் வந்து இறங்குவதற்குள் ஒரு காரியம் முடிந்தாக வேண்டும். இங்கே எதெது வரலாற்றுச் சின்னம், அதன்முன் நடும் கல்லில் யார் பெயர் இருக்கும் என்று முடிவு செய்யுங்கள்.

இப்போதைக்கு இந்த ஊரில் நிலைத்திருப்பவை வெள்ளைக்காரர் பெயர்கள். ராபர்ட்சன்பேட்டை, ஆண்டர்சன்பேட்டை, சுரங்கத்துக்குள் இறங்கும் செங்குத்துக் குழியான கிஃபோர்ட் ஷாஃப்ட். வரலாறு சொல்பவர்களும் 1802-ல் வந்த லெப்டினன்ட் வாரன், 1870களில் உரிமம் வாங்கிய லாவெல், 1880களில் நுழைந்த ஜான் டெய்லர் கம்பெனி என்றே வரிசைப்படுத்துகிறார்கள். வாரன் தானாக எதையும் கண்டுபிடித்துவிடவில்லை. உரிகம் பக்கத்துக் கிராமத்தார் மண்ணை அள்ளிவந்து, அவர் கண்முன்னே அலசித் தங்கத்தைக் காட்டினார்கள். அவர்களில் ஒருவர் பெயராவது எந்தப் பலகையிலாவது உண்டா?

வட ஆற்காடு, சேலம், சித்தூர்ப் பக்கங்களிலிருந்து வந்தவர்கள்தான் இந்தச் சுரங்கத்தை வெட்டினார்கள். அவர்களில் பெரும்பாலோர் ஊரில் பண்ணையாட்களாக இருந்த தலித் மக்கள். சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் கீழே போனது. அந்த ஆழத்தில் பாறையைத் தொட்டாலே சுடும். மேலேயிருந்து அழுத்தும் பாரம் தாங்காமல் பாறை திடீரென வெடித்துச் சிதறும். அப்போது உள்ளே இருந்தவர்களில் எத்தனையோ பேர் உயிரோடு மேலே வரவில்லை. தப்பியவர்களில் பலரைப் பாறைத்தூசு நுரையீரலில் படிந்து வரும் சிலிகோசிஸ் பிற்பாடு கொண்டுபோனது. இந்த மண்ணிலிருந்து ஏறக்குறைய 800 டன் தங்கம் வெளியே போனது என்று கணக்கு வைத்திருக்கிறோம். இறந்தவர்களுக்கு அப்படி ஒரு கணக்கு ஊர் நடுவே ஏன் இல்லை?

1902-ல் சிவசமுத்திரத்திலிருந்து ஏறத்தாழ 147 கிலோமீட்டர் கம்பி இழுத்து இந்தச் சுரங்கத்துக்கு மின்சாரம் கொண்டுவந்தார்கள். 1965-ல் இதே பூமிக்கடியில் அண்டவெளிக் கதிர்களால் காற்று மண்டலத்தில் பிறக்கும் நியூட்ரினோக்கள் என்ற மிகநுண்ணிய துகள்களை விஞ்ஞானிகள் பதிவு செய்தார்கள். உலகில் அதை முதன்முதலில் செய்த இரண்டு இடங்களில் இது ஒன்று, இன்னொன்று தென்னாப்பிரிக்கச் சுரங்கம். இவற்றுக்கெல்லாம் கல் நடுங்கள், மகிழ்ச்சி. கூடவே, அந்த ஆழம் வரை வழி வெட்டிக் கொடுத்தவர்களையும் அதே கல்லில் எழுதுங்கள்.

பாரம்பரியம் என்றதும் உங்கள் கண் கிளப்புக்கும் பங்களாக்களுக்கும் போய்விடக் கூடாதே என்பதுதான் என் பெரிய கவலை. தொழிலாளர் லைன்களுக்கு, அதாவது அவர்களின் வரிசை வீடுகளுக்கு, ஒருமுறை வந்து பாருங்கள். பத்தடிக்குப் பத்தடி அறை, தாழ்ந்த கூரை, பக்கத்து வீட்டுக்காரர் இருமினால் இங்கே கேட்கும் சுவர். அப்படிப்பட்ட வீடுகளிலிருந்து வந்தவர்கள் படித்தார்கள், சங்கம் வைத்தார்கள், 1930-ல் கைரேகைப் பதிவை எதிர்த்து வேலைநிறுத்தம் செய்தார்கள். தலித் சிந்தனையாளர் அயோத்திதாசப் பண்டிதரின் பௌத்த இயக்கம் மாரிகுப்பத்திலும் சாம்பியன் ரீஃபிலும் வேர்பிடித்தது. அவர் நடத்திய ‘தமிழன்’ இதழை 1920களில் கோ. அப்பாதுரையார் இங்கிருந்துதான் மறுபடி நடத்தினார். பண்டிதரின் எழுத்துகளைச் சித்தார்த்தா புத்தகசாலை இங்கே அச்சிட்டுப் பரப்பியிராவிட்டால் அவற்றில் எவ்வளவு நம் கைக்கு வந்திருக்குமோ தெரியாது. தமிழ்நாட்டில் அயோத்திதாசரைப் படிப்பவர்கள்கூட இந்த ஊரை மறந்துவிடுகிறார்கள். அந்த இடங்களை அடையாளம் காட்ட இன்னும் பெரியவர்கள் இருக்கிறார்கள். அவர்களைக் கேட்டு இப்போதே குறித்துக்கொள்ளுங்கள்.

ஆகவே, ஷாஃப்ட்களின் மேல் நிற்கும் இரும்புக் கோபுரங்களைப் பழைய இரும்பு விலைக்குப் போட்டுவிடாதீர்கள். எல்லாவற்றையும் காப்பாற்ற முடியாவிட்டாலும் சுரங்கத்துக்கு ஒன்றாவது நிற்கட்டும். ஒரு லைனை, வெள்ளையடித்துக் காட்சிப்பொருளாக்காமல், இருப்பது இருந்தபடி பழுதுபார்த்து வையுங்கள். அங்கே இன்று குடியிருப்பவர்களை வெளியேற்றித்தான் அதைச் செய்ய வேண்டுமென்றால் வேண்டாம். ஆளில்லாத லைன்கள் இருக்கின்றன, அவற்றில் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். கல்வெட்டுகள் கன்னடம், தமிழ், தெலுங்கு, உருது, ஆங்கிலம் எல்லாவற்றிலும் இருக்கட்டும். இந்த ஊர் பேசும் மொழிகள் அவை.

பெயர்களுக்கு எங்கே போவது என்று கேட்பீர்கள். மைசூர் சமஸ்தானக் காலத்திலேயே சுரங்கத் தலைமை ஆய்வாளர் அறிக்கைகள் வெளியிட்டிருக்கிறார். விபத்து, சம்பள, மருத்துவமனைப் பதிவேடுகள் உங்கள் இரு தரப்பின் அலுவலகங்களில் எங்கே இருந்தாலும் அவற்றைப் படியெடுத்துப் பொதுமக்கள் பார்வைக்கு வையுங்கள். ஏட்டில் விட்டுப்போன பெயர்களைச் சொல்ல வீட்டுக்கு வீடு ஆள் இருக்கிறது.

கழிவு மண் வேலைக்கான ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன், இந்தப் பதிவேடுகளுக்கு யார் பொறுப்பு, எந்தெந்தக் கோபுரங்கள் நிற்கப் போகின்றன என்ற இரண்டுக்கும் எழுத்தில் பதில் தாருங்கள்.

இப்படிக்கு,
தங்கவயல் சுரங்கத் தொழிலாளி ஒருவரின் பேத்தி