ஆண்டறிக்கை 2024–25: தூத்துக்குடிப் பயணம்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, சங்க உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

நமது ஒளிப்படச் சங்கத்தின் ஆண்டறிக்கையைப் பொதுக்குழுவின் முன் வைக்கிறேன். மாதக் கூட்டங்கள் தடையின்றி நடந்தன. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். அறிக்கையின் பெரும்பகுதியைத் தூத்துக்குடிப் பயணத்துக்கே ஒதுக்குகிறேன். இவ்வாண்டின் நல்ல படங்கள் அங்கேதான் கிடைத்தன.

வ.உ.சிதம்பரனார் துறைமுகம் மத்தியத் தொழில் பாதுகாப்புப் படையின் காவலில் உள்ளது. உள்ளே கேமராவுக்கு முன் அனுமதி வேண்டும். வெளியில் நின்றே படமெடுப்பதென்று செயற்குழு முடிவு செய்தது. ட்ரோனும் எடுத்துச் செல்லவில்லை. அதுவே நல்லதாயிற்று. கடலுக்குள் ஏறத்தாழ 4 கிலோமீட்டர் நீளும் இரண்டு அலைதடுப்புச் சுவர்களுக்கு இடையே அமைந்த செயற்கைத் துறைமுகம் அது. தள்ளி நின்றால்தான் கிரேன்கள், அனல்மின் நிலையப் புகைபோக்கிகள், முன்னால் ஒரு மீன்பிடி படகு என ஊரின் பிழைப்பு ஒரே படத்துக்குள் அடங்குகிறது. கிழக்குக் கரை என்பதால் காலையில் எல்லாம் கரிய உருவங்களாகவே தெரிந்தன. முதுகுக்குப் பின்னால் வெயில் இறங்கிய பிறகே கிரேன்களின் நிறம் துலங்கியது. உப்புக்காற்று லென்ஸில் படிந்துகொண்டே இருந்ததால் துடைக்கும் துணியைக் கையிலேயே வைத்திருந்தோம்.

பழைய துறைமுகப் பக்கம் போனோம். 1906இல் வ.உ.சி. சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கிய ஊர் அல்லவா! மாலத்தீவுக்குச் சரக்கு ஏற்றிச் செல்லும் தோணிகளை விட்டு மூத்த உறுப்பினர்கள் நகரவே இல்லை. பனிமய மாதா ஆலயத்துக்கும் சென்றுவந்தோம்.

எனக்கு எல்லாவற்றிலும் முக்கியமாகப் படுவது உப்பளம். வெயில் ஏறுமுன் வேலையை முடிக்க வேண்டி, தொழிலாளர்கள் இருட்டிலேயே பாத்தியில் இறங்கிவிடுகிறார்கள். வெண்மையைக் கண்டு கேமரா படத்தை இருட்டாக்கிவிடும். வெளிச்சத்தை ஒரு ஸ்டாப், அதாவது இரு மடங்கு, கூட்டி எடுத்தவர்களுக்கே உப்பு உப்பாக விழுந்தது. தலைச்சுமையை வரப்பில் கொட்டிவிட்டு நின்ற ஓர் அம்மாவிடம் அனுமதி கேட்டோம். உப்புநீரில் வெடித்திருந்த தம் பாதங்களை எடுக்க வேண்டாம், முகத்தை எடுக்கலாம் என்றார். சேலைத் தலைப்பால் நெற்றியைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்து நின்றார். அவர் சொன்னபடியே எடுத்தோம். அந்தப் படம் யாருக்கு உரியது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ஆகவே ஒரு தீர்மானத்தை முன்மொழிகிறேன். இனி நம் பயணங்களில் யாருடைய முகத்தை எடுத்தாலும் அவரைக் கேட்டே எடுக்க வேண்டும்; படத்தின் பிரதி அவர் கைக்குப் போய்ச் சேர வேண்டும். பரிசுப் போட்டிக்கும் இதுவே விதியாகட்டும். தூத்துக்குடியில் எடுத்த முகங்களைப் பெரிய அளவில் அச்சிட்டு, வடகிழக்குப் பருவமழை தொடங்கி உப்பள வேலை நின்றுவிடுமுன் நேரில் கொடுத்துவர வேண்டும். மழைக்காலத்தில் அவர்களை அங்கே காண முடியாது. அச்சுச் செலவைச் சங்க நிதியிலிருந்து ஏற்கலாம் என்பது செயற்குழுவின் கருத்து.

பயணத்துக்கு வேன் ஏற்பாடு செய்த உறுப்பினர்களுக்கும், உப்பளத்துக்குள் அனுமதித்த உரிமையாளருக்கும் நன்றி. தீர்மானத்துக்கு ஒப்புதல் அளித்து அறிக்கையை ஏற்றுக்கொள்ளுமாறு பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
செயலாளர்