இணைவு எல்லை மாறும்போது அரியர் யார் பொறுப்பு?

ஆசிரியருக்கு,

எந்த மாவட்டக் கல்லூரிகள் எந்தப் பல்கலைக்கழகத்தின் கீழ் வரும் என்ற இணைவு எல்லையை மாற்றுவது வரைபடத்தில் கோடு போடுவதோடு முடிவதில்லை. 2021-இல் விழுப்புரம், கள்ளக்குறிச்சி, கடலூர் மாவட்டக் கல்லூரிகள் வேலூர் திருவள்ளுவர் பல்கலைக்கழகத்திடமிருந்து சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்துக்கு மாறின. சான்றிதழுக்காகக் கடலூர்க்காரர் வேலூர்வரை அலைவது குறைந்தது நல்லதே.

சிக்கல் அரியரில்தான், அதாவது தேர்ச்சி பெறாமல் நிலுவையில் நிற்கும் தாள்களில்தான். இப்படி மாறும்போது, ஏற்கெனவே சேர்ந்தவர்கள் பழைய பல்கலைக்கழகத்திலேயே படிப்பை முடிப்பார்கள். புதிதாகச் சேர்பவர்களுக்குப் பாடத்திட்டம், தாள் குறியீடு, பதிவெண் எல்லாமே வேறு. சில ஆண்டுகளுக்கு ஒரே கல்லூரி இரண்டு தேர்வுக் கால அட்டவணை, இரண்டு கட்டணக் கணக்கு, இரண்டு அகமதிப்பீட்டுப் பதிவேடு வைத்திருக்க வேண்டும். இடையில் படிப்பை விட்டுத் திரும்பி வருபவர் இரண்டிலும் அடங்கமாட்டார். அவருக்கு எந்தப் பழைய தாளுக்கு எந்தப் புதிய தாள் சமம் என்ற பட்டியல் வேண்டும். அது தாமதமானால் பட்டமும் தாமதம். பணி நியமனச் சான்று சரிபார்ப்பில் மாட்டிக்கொள்வதும் அவர்தான்.

ஆகவே, இனி எல்லையை மாற்றும் அரசாணையிலேயே பழைய பாடத்திட்டத்தின் கடைசித் தேர்வு எந்த ஆண்டு என்பதையும், தாள் குறியீடு வாரியான சமநிலைப் பட்டியலையும் சேர்க்க வேண்டும். மாணவர் சேர்க்கை விண்ணப்பம் வெளியாகும் முன்பே அது கல்லூரிப் பலகையில் ஒட்டப்பட வேண்டும்.

ஓய்வுபெற்ற கல்லூரித் தேர்வுப் பிரிவு அலுவலர்,
சேப்பாக்கம், சென்னை