சிம்லிங்க் பக்கங்களுக்கு ஒரே சொல் வழக்கு

நண்பர்களே, சிம்லிங்க் (வேறொரு கோப்பின் அல்லது கோப்புறையின் பாதையைச் சுட்டும் இணைப்பு) பற்றி எழுதும்போது ‘டார்கெட்’, ‘சோர்ஸ்’ இரண்டையும் இனி தவிர்த்துவிடுவோம். சிம்லிங்க் உருவாக்கும் எல்என் (ln) கட்டளைக்கு, லினக்ஸில் வழக்கமாக இருக்கும் குனு கையேட்டில் டார்கெட் என்றால் இணைப்பு சுட்டும் கோப்பு. யுனிக்ஸ் வகை இயங்குதளங்களுக்கான போசிக்ஸ் தரநிலையிலும் மேக் கையேட்டிலுமோ, புதிதாக உருவாகும் இணைப்புக்குத்தான் அந்தப் பெயர். நேர் எதிர்! லினக்ஸ், மேக் இரண்டிலும் வேலை செய்பவர் கட்டாயம் குழம்புவார்.

‘சுட்டப்படும் பாதை’, ‘இணைப்பின் பெயர்’ என்றே எழுதலாம். ‘அசல் கோப்பு’ வேண்டாம். சுட்டப்படுவது கோப்புறையாகவும் இருக்கலாம், இல்லாமலேகூட இருக்கலாம். அப்போதும் சிம்லிங்க் உருவாகிவிடும்.

அப்புறம், சார்புப் பாதை (‘/’ என்று தொடங்காத பாதை) கொடுத்தால் அது இணைப்பு இருக்கும் கோப்புறையிலிருந்துதான் கணக்காகும், நாம் கட்டளை தட்டும் இடத்திலிருந்து அல்ல. பலரும் தடுமாறுவது இங்கேதான், எடுத்துக்காட்டோடு எழுதுங்கள்.

நிறுவல் பக்கத்தை முதலில் யார் எடுத்துக்கொள்கிறீர்கள்?