மே மாதம் பள்ளிக்கூட கேட்டைப் பூட்டாதீர்கள்

வடசென்னை அரசு, மாநகராட்சிப் பள்ளிகளின் தலைமை ஆசிரியர்களுக்கும், பள்ளி மேலாண்மைக் குழுக்களில் இருக்கும் அண்ணன்மார், அக்காமார் எல்லோருக்கும் வணக்கம்.

நான் காசிமேட்டுக்காரி. வீட்டுக்காரர் விசைப்படகில் தொழிலுக்குப் போகிறார். பெண் பத்தாம் வகுப்பு, பையன் ஏழாம் வகுப்பு. நானும் ஒரு பள்ளி மேலாண்மைக் குழுவில் உறுப்பினர்தான். கூட்டத்தில் கட்டடம், கழிவறை, சத்துணவு என்று பேசி முடிப்பதற்குள் நேரம் போய்விடுகிறது. விளையாட்டுக்கு முறை வருவதே இல்லை. அதனால்தான் இந்த மடல்.

எங்கள் பக்கத்தில் அப்பாவோ அம்மாவோ பள்ளிக்கூடத்துக்குப் போனால் பெரும்பாலும் ஒரே காரணம்தான்: பிள்ளை மேல் புகார். லீவு போட்டான், யாரையோ அடித்தான், மார்க் குறைந்துவிட்டது. தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டு, கையெழுத்துப் போட்டுவிட்டு வந்துவிடுவோம். அப்படிப் போகிற இடத்தை நம்ம பள்ளிக்கூடம் என்று எப்படி நினைக்கத் தோன்றும்?

விளையாட்டு விழா அன்று மட்டும் அது மாறுகிறது. என் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன். எங்கள் தெருவில் மீன் விற்கும் ஒரு அக்கா, மகனுக்காக எப்போது வந்தாலும் கேட்டுக்கு வெளியிலேயே நிற்பார். "மேலெல்லாம் கவுச்சி, உள்ள எப்படி வர்றது" என்பார். அன்றைக்கு அவர் மகன் ரிலேயில் கடைசி ஓட்டம். பள்ளியில் பேட்டன் கிடையாது, பி.வி.சி. பைப்பை அறுத்து, சிவப்பு டேப் சுற்றி வைத்திருந்தார்கள். மூன்றாவதாக ஓடிய பையன் அதை நீட்டும்போது கை நழுவப் பார்த்தது, இவன் விரல் நுனியில் பிடித்துக்கொண்டு ஓடினான். அதைப் பார்த்ததும் அக்கா அன்னக்கூடையை வாட்ச்மேன் நாற்காலிக்குப் பக்கத்தில் இறக்கிவைத்துவிட்டு உள்ளே ஓடி வந்துவிட்டார். இரண்டாவதாகத்தான் வந்தான். அவருக்கு அதெல்லாம் கணக்கே இல்லை.

அப்புறம் அம்மாக்களுக்குக் கயிறு இழுக்கும் போட்டி. எங்கள் பக்கம் ஒரு ஆள் குறைந்ததால் கணக்கு டீச்சர் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு அந்த அக்காவுக்குப் பின்னால் வந்து நின்றார். குதிகாலை மண்ணில் ஊன்றச் சொல்லி அக்காதான் டீச்சருக்குச் சொல்லிக்கொடுத்தார். அடுத்த வாரம் யாரும் கூப்பிடாமல் அக்கா தானாகவே வகுப்புக்குப் போய், "பையன் பின்னக் கணக்குல திணர்றான், என்ன பண்ணலாம் டீச்சர்" என்று கேட்டிருக்கிறார். எத்தனையோ பெற்றோர் கூட்டம் போட்டும் நடக்காதது அது.

இதனால்தான் பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு வந்தால் 'கிரவுண்டு கட்' என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. என் பெண் கோ-கோ அணியில் இருந்தாள். ஜூன் மாதமே பெயரை எடுத்துவிட்டார்கள். பி.டி. பீரியடில் அறிவியல் டெஸ்ட். அவள் படிப்பு அதனால் கூடவில்லை. பள்ளிக்குக் கிளம்பும்போது இருந்த துள்ளல்தான் போய்விட்டது. சின்ன வகுப்புப் பிள்ளைகளுக்கு ஓடவும் உட்காரவும் சொல்லிக்கொடுக்க வேண்டிய பெரிய பிள்ளைகளை வகுப்பில் அடைத்துவிட்டால், அணியை யார் வளர்ப்பது?

2009 கல்வி உரிமைச் சட்டம் பள்ளிக்கு விளையாட்டு மைதானமும், ஒவ்வொரு வகுப்புக்கும் விளையாட்டுச் சாமான்களும் இருக்க வேண்டும் என்கிறது. மேலாண்மைக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர், பாதிப் பேர் பெண்கள் என்று சொல்வதும் அதே சட்டம்தான். ஆக, கேட்கும் உரிமை நமக்கு இருக்கிறது. அரசுப் பள்ளிகளில் மகிழ் முற்றம் என்று பிள்ளைகளைக் குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை எனக் குழுக்களாகப் பிரித்தது நல்ல காரியம். எங்கள் பிள்ளைகள் நெய்தல் என்றதும் நெஞ்சை நிமிர்த்துகிறார்கள். அந்தக் குழுக்களுக்குள் மாதம் ஒரு போட்டியாவது நடக்கட்டும்.

இனி நான் முக்கியமாகக் கேட்க வந்தது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகெல்லாம் கரையில். காலையில் வலை பின்னுவது, படகுக்குப் பெயின்ட் அடிப்பது என்று வேலை இருந்தாலும் சாயந்தரம் அப்பாக்கள் வீட்டில்தான். மே மாதம் பிள்ளைகளுக்கும் லீவு. வருஷத்தில் இரண்டு பேரும் சேர்ந்து ஓய்வாக இருக்கிற ஒரே காலம் இது. அப்போது பார்த்துப் பள்ளி கேட்டில் பூட்டு தொங்குகிறது. பையன்கள் கன்டெய்னர் லாரி வரிசைக்குப் பக்கத்தில் ரோட்டோரம் பந்து உதைக்கிறார்கள். பெண் பிள்ளைகளுக்கு அந்த ரோட்டோரமும் கிடையாது.

காலை ஆறிலிருந்து எட்டு, மாலை ஐந்திலிருந்து ஏழு மைதானத்தைத் திறந்துவிடுங்கள். கூடவே ஒரு கழிவறை, ஒரு டிரம் தண்ணீர், முதலுதவிப் பெட்டி. பி.டி. ஆசிரியரின் லீவைக் கெடுக்க வேண்டாம். குழுவில் முன்னாள் மாணவர்கள் இருக்கிறார்கள். கபடியும் குத்துச்சண்டையும் பழகிய அப்பாக்கள் இருக்கிறார்கள். அம்மாக்கள் முறை வைத்து வந்து உட்காருகிறோம்.

இந்த மண்ணில் திறமைக்குப் பஞ்சமில்லை. 2024-இல் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வாங்கிய காசிமா, புதுவண்ணாரப்பேட்டை ஆட்டோக்காரர் மகள். வியாசர்பாடியில் பந்து உதைத்து வளர்ந்த தனபால் கணேஷ் 'சென்னையின் எஃப்சி' கால்பந்து அணிக்கு ஆடினார். ஆனால் நான் பதக்கத்துக்காகக் கேட்கவில்லை. கடைசியாக ஓடி வருகிற பிள்ளைக்கும் கை தட்ட அவன் அப்பா அங்கே நிற்க வேண்டும், அதற்காகக் கேட்கிறேன்.

இன்னொன்று, விளையாட்டு விழாவை ஞாயிற்றுக்கிழமை வைக்காதீர்கள். காசிமேட்டில் ஞாயிறுதான் பெரிய வியாபாரம், எங்களால் வர முடியாது. சனிக்கிழமை சாயந்தரம் என்றால் வந்துவிடுவோம்.

அடுத்த கூட்டத்தில் மைதானச் சாவியை யார் வைத்திருப்பது என்று முடிவு செய்துவிடலாம். பொறுப்பெடுக்க ஆள் இல்லை என்றால் முதல் வாரம் நான் வாங்கிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு தாய், காசிமேடு