ஆண்டறிக்கை: ரயன் போரேட் சுரங்கமும் நம் மாதிரிப் பெட்டியும்

தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

நம் கனிம ஆர்வலர் சங்கம் இவ்வாண்டு ஆய்வுக்கு எடுத்துக்கொண்டது, கலிஃபோர்னியாவின் டெத் வேலி பாலைவனத்தில் மூடப்பட்டுக் கிடக்கும் ரயன் போரேட் சுரங்கம். போரான் என்ற தனிமம் சேர்ந்த கனிமங்களையே போரேட் என்கிறோம். வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார்.

இங்குள்ள போரேட், ஃபர்னஸ் கிரீக் பாறைத்தொகுதியின் ஏரிக் களிமண் பாறைக்குள் இருக்கிறது. வயது சுமார் 30 முதல் 60 லட்சம் ஆண்டுகள். எரிமலைப் பகுதியின் வெந்நீர் ஊற்றுகள் போரானைக் கொண்டுவந்து ஏரியில் சேர்த்தன. வடிகால் இல்லாத ஏரி வற்ற வற்ற அது படிந்தது. இவ்வட்டாரப் படிவுகளின் நடுவில் சோடியம் கலந்த போரேட்டுகளான உலெக்சைட்டும் ப்ரோபர்டைட்டும், ஓரங்களில் சோடியம் இல்லாத கால்சியம் போரேட்டான கோல்மனைட்டும் காணப்படுகின்றன. கால்சியம் நிறைந்த நிலத்தடி நீர் ஓரத்திலிருந்து புகுந்து சோடியத்தைக் கரைத்துக்கொண்டு போனதுதான் காரணம். படிவின் எந்தப் பக்கத்திலிருந்து எடுத்த கல் என்பது தெரியாவிட்டால் மாதிரியின் கதையில் பாதி போய்விடும். அதனால்தான் மாதிரியோடு வைக்கும் பெயர்ச் சீட்டில் இடத்தையும் எழுதச் சொல்கிறோம்.

கோல்மனைட்டின் எடையில் 50.8 சதவீதம் போரான் ஆக்சைடு. சூடாக்கினால் படபடவென்று வெடித்துப் பொடியாகும். கூட வரும் களிமண் கல் அப்படி உதிராது. அதனால் வறுத்துச் சலித்தாலே தாது பிரிந்துவிடும். 1914-இல் ரயனிலிருந்து டெத் வேலி ஜங்ஷன் வரை 3 அடி அகல ரயில் பாதை போட்டார்கள், சுமார் 32 கி.மீ. ஆனால் 1920-களின் நடுவில் கலிஃபோர்னியாவின் கிராமர் என்ற இடத்தில் நீரிலேயே கரையும் சோடியம் போரேட் பெரும்படிவாகக் கிடைத்தது. வறுக்கவேண்டிய தாது அதனோடு போட்டியிட முடியவில்லை. 1920-களின் பிற்பகுதியில் ரயனில் வேலை நின்றது.

உறுப்பினர்கள் அதிகம் தடுமாறுவது, கால்சைட்டா கோல்மனைட்டா என்பதில். இரண்டும் நிறமின்றிப் பளபளக்கும். கீறலைத் தாங்கும் கடினத்தைக் காட்டும் மோஸ் அளவில் கால்சைட்டுக்கு 3, கோல்மனைட்டுக்கு 4.5. நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஒரு சொட்டு விட்டால் கால்சைட் நுரைக்கும், கோல்மனைட் நுரைக்காது. சூடான அமிலத்தில் அது கரையும்; ஆறும்போது போரிக் அமிலம் வெள்ளைச் செதில்களாகப் பிரியும். இந்தச் செதிலைக் கண்ணால் பார்த்தவருக்குப் பிறகு சந்தேகமே வராது. சோதனைக்கு அரிசி மணி அளவு துண்டு போதும். நல்ல படிகத்தை உடைக்காதீர்கள், ஒரு திசையில் சட்டென்று பிளந்துவிடும்.

இனி மாதிரிப் பெட்டி. நம்மூரில் பொற்கொல்லர் பற்றவைக்கப் பயன்படுத்தும் வெங்காரம், அதாவது போராக்ஸ், உலர்ந்த காற்றில் நீரை இழந்து டிங்கால்கோனைட் என்ற, நீர் குறைந்த போரேட்டாக மாறும். கண்ணாடி போன்ற படிகத்தின் மேல் முதலில் மாவு பூசியதுபோல் வெளுப்பு படரும், பிறகு விளிம்பு உதிரும். 100 கிராம் முழுதும் மாறினால் 76 கிராம்தான் மிஞ்சும். வெங்காரப் பெட்டியில் சிலிக்கா ஜெல் பை போடக் கூடாது. ஈரம் கெடுக்கும் என்று நினைத்து உலர்த்துவதுதான் இங்கே கேடு. காற்றுப் புகாத சிறு டப்பாவில், படிகத்தைச் சுற்றி அதிகக் காலி இடம் இல்லாமல், வெயில் படாமல் வைக்க வேண்டும்.

உலெக்சைட்டைத் தண்ணீரில் கழுவாதீர்கள், இழைகள் மங்கும், மென்தூரிகை போதும். கோல்மனைட்டைக் குளிர்ந்த நீரில் அலசலாம்.

இன்யோவைட் என்ற கால்சியம் போரேட் தனிக் கவனம் கேட்கிறது. 1914-இல் அறிமுகமான இக்கனிமமும் அதன் இனமான மேயர்ஹோஃபரைட்டும் ரயனுக்கு அருகிலுள்ள மவுண்ட் பிளாங்கோவில்தான் முதலில் அடையாளம் காணப்பட்டன. இன்யோவைட்டின் வாய்பாட்டில் 13 நீர் மூலக்கூறுகள், மேயர்ஹோஃபரைட்டில் 7, கோல்மனைட்டில் 5. இன்யோவைட் நீரை இழந்து மேயர்ஹோஃபரைட்டாக மாறுவதால், பழைய இன்யோவைட்டின் வடிவம் அப்படியே நிற்க, உள்ளே மேயர்ஹோஃபரைட் நார்கள் நிறைந்த கற்கள் உண்டு. வெளி வடிவத்தை மட்டும் பார்த்துப் பெயர் எழுதினால் தவறு நேரும். அத்தகைய கல்லுக்குச் சீட்டில் இரு பெயரையும் எழுதுங்கள்.

ரயன் தனியார் நிலம், சுற்றிலும் தேசியப் பூங்கா. அங்கே ஒரு துண்டுக் கல்லும் எடுக்கக் கூடாது. ஆகவே சங்கத்திற்கு வரும் மாதிரி பழைய சேகரிப்பிலிருந்து, அதன் பழைய சீட்டோடு வந்தால்தான் ஏற்கிறோம். புதுச் சீட்டு எழுதினாலும் பழையதைக் கிழிக்காமல் கல்லின் அடியிலேயே வைக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்